பீரோவுக்குள் செம்பருத்தி

பிப்ரவரி 23, திங்கள்

செம்பருத்தித் தொட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது. என் துணிமணி எல்லாம் இப்போது கட்டிலுக்கு அடியில், அட்டைப் பெட்டியில். இவர் பார்த்துவிட்டு, "துணி வெளிய, செடி உள்ள. குடும்பம் நல்லாத்தான் நடக்குது" என்றார். சிரிக்கட்டும்.

மார்ச் ஆறாம் தேதி மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரப் போகிறார்கள். பாடம் ஒளிச்சேர்க்கை. சோதனை செய்து காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்தப் பருவத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பப் போனவளுக்கு இன்னொரு வாய்ப்பை யார் தருவார்கள்?

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெயிலில் இருக்கும் இலை தண்ணீரையும் காற்றில் உள்ள கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரை சமைக்கிறது. மிச்சத்தை மாவுச்சத்தாக்கி வைத்துக்கொள்கிறது. அயோடின் பட்டால் அந்த மாவுச்சத்து கருநீலமாகும். இரண்டு நாள் இருட்டில் இருந்த இலையில் இருப்பு தீர்ந்திருக்கும், அதனால் நிறம் மாறாது. இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் போதும், பாடம் தானே பேசும். பள்ளி ஆய்வகத்தில் எல்லாம் கண்ணாடிக் கதவு அலமாரி, அதனால் என் பீரோ. ஜோடித் தொட்டி பள்ளித் தோட்டத்தில் வெயிலில் இருக்கிறது.

மாமா, இவருடைய அப்பா, வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிறைக் காவலராக முப்பத்தொரு வருடம் இருந்தவர், கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை, பார்க்கிற பழக்கம்தான். நான் வேலைக்குக் கிளம்பிய முதல் நாளும் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்கு வருவே?" நான் போவது பிடிக்கவில்லை என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 25, புதன்

கறுப்பு.

பீரோ இலையும் கறுப்பு, பள்ளியிலிருந்து கொண்டுவந்த வெயில் இலையும் கறுப்பு. சமையலறையில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எது எதுவென்றே தெரியவில்லை.

என்ன தப்பு செய்தேன்? வெந்நீரில் வேகவைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் குழாயைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திப் பச்சையை இறக்கினேன். கழுவினேன். அயோடின் விட்டேன். கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு செய்ததுதான்.

அயோடின் பழசாக இருக்கும். செடியை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

புது அயோடின் வாங்கினேன். மருந்துக் கடைக்காரர், "யாருக்குக் காயம்?" என்றார். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும் கறுப்பு.

மாலை வேறு கைநிறையப் பையோடு வாசலில் மணியடித்துவிட்டு நின்றேன். இந்த வீட்டு வாசலுக்கு ஒரே சாவி, அது மாமாவின் இடுப்புக் கொத்தில். வீட்டில் இருக்கிற எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி அந்தக் கொத்தில் தொங்கும். கதவைத் திறந்தார், வழக்கம் போலச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து. அப்புறம் வழி விட்டார். ஒன்பது வருடமாகப் பார்த்த காட்சிதான், இன்று மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சின்ன விஷயம். தொட்டி மண் ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றின ஞாபகம் இல்லை. ஊற்றியிருப்பேன். இந்த வாரம் காலுக்கு ஒரு விதமான செருப்போடு பள்ளிக்குப் போனவள்தானே நான்.

வகுப்பில் "ஆனா மிஸ்" கை தூக்கினாள். அவள் நிஜப் பெயரை அவளே மறந்திருப்பாள், எதைச் சொன்னாலும் "ஆனா மிஸ்..." என்றுதான் ஆரம்பிப்பாள். "ஆனா மிஸ், வெயில் இருந்தாத்தான் செடிக்குச் சாப்பாடுன்னா, பொழுது போனா எப்படி உயிரோட இருக்கு?" நல்ல கேள்வி. நான்தான் சிடுசிடுவென்று "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நாளை சனிக்கிழமை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்ச் 1, ஞாயிறு

இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்த செடியை மாலை பூட்டினேன். மூன்றாவது முறை.

இவர், "பேசாம வேற சோதனை செஞ்சு காட்டேன்" என்றார். பாடத்தில் இருக்கிற முதல் சோதனையே கைக்கு வராத டீச்சரை எவர் வைத்துக்கொள்வார்? ஒன்பது வருடத்தில் கை மறந்துவிட்டதா? அப்படியானால் மாமாவின் பார்வைதான் சரியோ?

மார்ச் 3, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அழுகையும் வந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளியில் தண்ணீர் மோட்டார் பழுது. மதியத்தோடு விட்டுவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு வந்து மணியடித்தேன், பதில் இல்லை. பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே, நல்ல வெயிலில், முக்காலி மேல் என் செம்பருத்தி. பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு மாமா.

"மாமா, என்ன இது?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "காலையில தொறக்கணும், சாயங்காலம் அடைக்கணும். முப்பத்தொரு வருஷமா அதான் முறை. பகலும் பூட்டி வைக்கறது தனிக் கொட்டடிக்குத்தான். இது அப்படி என்னம்மா தப்பு பண்ணுச்சு?"

நோட்டை நீட்டினார். கோடு போட்ட பதிவேடு. தொட்டி எண் 1. திறப்பு 7.40. தண்ணீர் ஒரு குவளை. அடைப்பு 4.30. எண்ணிக்கை சரி. நான் பள்ளிக்குப் போன நாள் ஒன்றுகூட விடுபடவில்லை.

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா. நீ வர்றதுக்குள்ள உள்ள வச்சுட்டேன்ல."

பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்து வயிறாரச் சமைத்துவிட்டு, நான் வரும்போது ஒன்றும் தெரியாத பிள்ளை போல பீரோவுக்குள் நின்றிருக்கிறது. கறுக்காமல் என்ன செய்யும்? அயோடின் நல்ல அயோடின். கை மறக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தேன். மாமா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு விளக்கிச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "அப்போ ரெண்டு நாளும் அது பட்டினியா?"

"இல்ல மாமா. இருட்டுல சமைக்க முடியாது, ஆனா மூச்சு விடறது நிக்காது. பகல்ல சேத்து வச்சதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, காத்துல இருக்கற ஆக்சிஜனோட எரிச்சுக்கும். அந்தத் தெம்புலதான் உயிர் ஓடும். நாமளும் அப்படித்தான். தூங்கும்போது சாப்பிடறமா, மூச்சு ஓடலையா?"

"சேத்து வச்சது தீந்துட்டா?"

"வெள்ளிக்கிழமை வெளிய எடுத்துடுவேன். அதுக்குள்ள தண்டு, வேர்ல இருக்கறதும் கை கொடுக்கும்."

"அப்போ தேதி போட்டுக் குடு. தேதி இல்லாம யாரையும் உள்ள வைக்கக் கூடாது."

பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: மார்ச் 6, காலை. உள்ளே வைத்து அவரே பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஒன்று உறைத்தது. கையெழுத்துப் போட்ட தேதிக்கு முன் மாமா திறக்க விடமாட்டார், செய்து பார்க்க வழி இல்லை. நேராக அவர்கள் முன்னால்தான்.

மார்ச் 4, புதன்

பீரோ முன்னால் நாற்காலி போட்டு மாமா. மேல்தட்டில் இருக்கும் தன் சட்டையைக்கூட இவரை எடுக்க விடவில்லை.

மார்ச் 5, வியாழன்

வகுப்பில் "ஆனா மிஸ்" கேள்விக்குப் பதில் சொன்னேன். "ஆனா மிஸ், இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பேருந்தில் மூன்று பேர் போனோம். நான், மாமா, கறுப்புப் போர்வை சுற்றிய தொட்டி. மாமாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. யாரோ உட்கார இடம் கொடுத்ததற்கு, "டூட்டில இருக்கேன்" என்றார். பள்ளி வாசலில் தொட்டியை ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகவில்லை. எதிரே மரத்தடியில் நின்றார்.

மூன்று பேர் கடைசி பெஞ்சில். நடுவில் இருந்த அம்மா ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. வேகவைத்தேன், பச்சையை இறக்கினேன், கழுவினேன். சொட்டு மருந்துக் குழாயில் அயோடினை எடுத்தேன். வெயில் இலையில் விட்டேன். கறுத்தது. பீரோ இலையில் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் பத்து வரை எண்ணினேன்.

வெளிர் பழுப்பு. மருந்தின் நிறம் மட்டும். அவ்வளவுதான்!

அந்த அம்மா எழுந்தார். "இருட்டில் இருந்த செடி ஏன் சாகவில்லை? யாராவது சொல்லுங்கள்" என்றார். ஒரே ஒரு கை. "ஆனா மேடம், அது சமையலைத்தான் நிறுத்துச்சு, மூச்சை நிறுத்தல. சேத்து வச்சதை எரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது தீந்ததாலதான் இந்த இலை கறுக்கல." அந்த அம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. இதற்கு முன் செய்து பார்த்தபோது எப்படி வந்தது என்றும் கேட்டார்கள். சொன்னேன். கடைசி பெஞ்சு குலுங்கியது.

வெளியே வந்து மாமாவிடம் தலையாட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தொட்டி எண் 1, விடுதலை, நேரம் 11.50. குறிப்பு: நன்னடத்தை.

மார்ச் 12, வியாழன்

நிரந்தரம். உத்தரவுத் தாளைத் தலைமையாசிரியை என் கையில் கொடுத்தபோது, பேருந்தில் வரும் வழியெல்லாம் பிரித்துப் பிரித்துப் படிப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தார். பின்பக்கம் வெறும் தாள். அதையும் படித்தார். பிறகு, "அப்போ தினம் போவே" என்றார்.

"ஆமா மாமா." பிடிக்கவில்லையா என்று இந்த முறை கேட்டுவிட்டேன்.

"பிடிக்காம என்ன? உள்ளயே இருக்கியேன்னு ஒம்பது வருஷமா நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

பதில் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 16, திங்கள்

காலை டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சாவி இருந்தது. எண்ணெய் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை. வாசல் சாவி.

மாலை கைநிறையப் பை. மணியடிக்கவில்லை. நானே திறந்தேன். பின்கட்டில் செம்பருத்தி வெயிலில் நின்றது, பக்கத்து நாற்காலியில் மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று யாரும் பார்க்கவில்லை.