ஓட வேண்டாம் என்றேன்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். பேராதனை வீதியில் வழக்கம்போல பஸ் நகரவில்லை. இந்த நெரிசலைக் காட்டித்தான் ஆகாய டாக்சிக்கு ஆள் பிடிக்கிறது எங்கள் கம்பனி. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் பறக்குமாம். இப்போதைக்கு ஆள் ஏறாத வெள்ளோட்டம் மட்டும். என் வேலை, கீழே இருப்பவர்களைச் சம்மதிக்க வைப்பது.

இன்று திகன கடைவீதி. புடவைக்கடைக்கார முஸ்லிம் நானா: "எங்கட கூரை மேல உழுந்தா யாருக்கிட்ட போய்ச் சொல்ற, தங்கச்சி?" கம்பனித் துண்டுப்பிரசுரத்தை நீட்டினேன். அப்படியும் டீ தந்தார்.

வாங்க: குடை, அக்காவுக்குக் கால்வலித் தைலம்.

ஜூன் 11, புதன்
புசல்லாவை. நான் பிறந்த தோட்டம். அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். "உங்க ஆட்கள்தானே" என்று எங்கள் மெனேஜர் என்னையே அனுப்பியதும் அதனால்தான்.

மலைக்கு மேலால் எங்கள் பறக்கும் மெஷின் வந்தது. ஒரே இரைச்சல். பெண்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கூடையை எறிந்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு ஓட்டம். குளவி என்று நினைத்துவிட்டார்கள். கொழுந்து மலையில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. அக்கா வடிகால் கானில் விழுந்து முழங்காலில் சிராய்ப்பு.

மெனேஜர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வெட்கம்.

ஜூன் 13, வெள்ளி
மழை விட்டிருந்தது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கூட்டம். போனில் மெஷின் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். "இது குளவி இல்ல. ஓடாதீங்க. அப்படியே நில்லுங்க, அதுபாட்டுக்குப் போயிரும்."

ராமாயி, அக்காவுக்குப் பக்கத்து நிரையில் எடுப்பவள், கேட்டாள்: "குளவியும் இப்படித்தானே தங்கச்சி இரையும்?"

"குளவி தெனமுமா வருது?" என்று மடக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், ராமாயியும். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அக்கா: "எந் தங்கச்சி படிச்சவ. சும்மா சொல்ல மாட்டா."

ஜூன் 17, செவ்வாய்
மூடுபனி. மறுபடி பறந்தது. ஒருத்தரும் ஓடவில்லை. தலையைக் குனிந்தபடி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று மெனேஜர் உடனே மேலிடத்துக்குச் சொன்னார். என்னையும் புகழ்ந்தார்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பளை வரை நின்றேன். தலைவலி. கரண்ட் பில் இன்னும் கட்டவில்லை.

ஜூன் 20, வெள்ளி
நல்ல வெயில். இன்று பறப்பு இல்லை. தேநீர் நேரத்தில் அத்தானிடமிருந்து கோல். அக்காவின் புருஷன் பகலில் பேசுகிற ஆளே இல்லை.

"மலையில குளவி கலைஞ்சிருச்சு. பருந்து வந்து கூட்டுல மோதுச்சாம். ஒங்கக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். வா."

ராமாயி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டாளாம்.

மெனேஜரிடம் லீவு கேட்டேன். "நம்ம மெஷின் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

ஜூன் 21, சனி
வார்டு. அக்காவின் முகம் அவள் முகமாகவே இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருக்கிறது. என் கையைத் தடவிப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்துகொண்டாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். குரலில் குறை ஒன்றும் இல்லை.

"சத்தம் கேட்டுச்சுடி. ராமாயி ஓடத்தான் பாத்தா. நாந்தான் கையப் புடிச்சு நிப்பாட்டுனேன், எந் தங்கச்சி சொல்லியிருக்கான்னு."

கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

"அவள எந்த வார்டுல போட்டிருக்காங்க?"