ஆயுத பூசைக்குத் துடைத்த மரம்

போன சனிக்கிழமை இங்கே சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். உடைந்த தூண்டில்களுக்கு நடுவே ஒரு மரப்பந்து கிடந்தது. வெள்ளைக்காரக் கிழவர்கள் புல்தரையில் உருட்டி விளையாடுவார்களே, அந்தப் பந்து. கையில் எடுத்தவுடனே அதன் பாரம் சொல்லிவிட்டது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தேன். பட்டறையில் நாம் சீவிய அதே மரம், அதே மெல்லிய இனிப்பு வாசம். விற்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். நான் நின்ற இடத்திலேயே உம்மை நினைத்துக்கொண்டேன்.

'உம்மை' என்று எழுதியதைப் பார்த்தால் சிரிப்பீர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சிநேகிதர்களை நீர், உம் என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிக்காரரான உமக்கு அது கடைசிவரை ஒத்துவரவில்லை. "நீர்னு சொல்லாதீங்க அண்ணாச்சி, மாதா கோயில்ல ஜெபம் பண்ற மாதிரி இருக்கு" என்பீர். நான் விட்டேனா? இப்போதும் விடமாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் சிட்னித் துறைமுகத்தின் அந்தப் பட்டறையில் தமிழர் என்று நாம் இருவர்தான். தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறையில் ஒரு பழைய போர்க்கப்பல் நின்றது. புரொப்பெல்லரைச் சுழற்றும் உருக்குத் தண்டு, அதாவது ஷாஃப்ட், கப்பலின் பின்பக்கத்தில் ஒரு நீண்ட குழாய் வழியாகத்தான் வெளியே கடலுக்குள் போகும். அந்தக் குழாயின் உள்சுவரில் இந்த மரத்தைப் பட்டை பட்டையாக அடுக்கியிருப்பார்கள். உருக்குச் சுற்றும், மரம் தாங்கும், கடல்தண்ணீரே அதற்கு எண்ணெய். தேய்ந்த பட்டைகளைக் கழற்றிப் புதியவற்றைச் சீவிப் பொருத்துவது நம் வேலை. பொருத்தும்வரை அவை தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்க வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும்.

உம்மைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். கப்பல் வேலை முடியும்போது போர்மன் சரி என்றால் நிரந்தரம், இல்லையென்றால் ஊர்தான். வேலை நிலைத்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும். மகளின் படத்தைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தீர். நீர் சாப்பிடும்போதெல்லாம் அவளும் நம்மோடு இருந்தாள்.

ஒக்டோபர் நீண்ட விடுமுறையும் ஆயுத பூசையும் அந்த வருடம் சேர்ந்து வந்தன. வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு, நீர் சீவிய பட்டைகளைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்து, சாக்கில் வரிசையாக வைத்துச் சந்தனம் தொட்டுவைத்தீர். பூசைக்கு வைக்கும் சாமானை ஈரமாக யாராவது வைப்பார்களா? பூசைக்கு வைத்ததை உடனே எடுக்கத்தான் கூடுமா? இங்கே வருமுன் பம்பாய்க் கப்பல் யார்டில் நீர் பார்த்ததெல்லாம், ஷாஃப்டைத் தாங்க உலோகப் பேரிங்குகள். இரும்பு மாதிரி இருக்கிற மரத்துக்கு மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்துவிட்டீர். அந்த விடுமுறை முழுக்க மேற்கிலிருந்து சூடான காற்று அடித்தது.

செவ்வாய் காலையில் சந்தனமும் காய்ந்திருந்தது, மரமும் வெடித்திருந்தது. நீர் ஒரு பட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தீர். எனக்கு வந்த கோபத்தில் முதலில் நன்றாகத் திட்டினேன். பிறகு பக்கத்தில் குந்தினேன். "தொட்டி ஒழுகினது எண்டு சொல்லும். பூசை எண்டு மட்டும் வாயைத் திறவாதையும்" என்றேன்.

"பொய் சொல்லிப் பிடிச்ச வேலைக்கு எம் புள்ளைய எப்படிக் கூப்பிடுவேன், அண்ணாச்சி?" என்று எழுந்து நேரே போர்மனிடம் போய்விட்டீர். பின்னாலேயே ஓடிவந்தேன்.

எதற்காக வெளியே எடுத்தாய் என்று கேட்டார் அவர்.

"டு பிரே, சார்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிப் பார்த்தார். வெடிப்புகள் நுனிகளில்தான் இருந்தன. அவற்றை அறுத்துத் தள்ளிவிட்டு, நல்ல துண்டுகளைக் குழாயின் மேல்பாதியில் இணைத்து அடுக்கச் சொன்னார். ஷாஃப்டின் பாரம் கீழ்ப்பாதியில்தானே இறங்கும். கீழே போடப் புதுப் பட்டைகளைச் சீவித் தந்தோம். உம்முடைய வேலையைப் பற்றி, கப்பலைக் கடலில் ஓட்டிச் சோதிக்கும்போது பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கப்பல் வேகமெடுத்தது. நாம் அடியில், ஷாஃப்ட் குழாய்க்குள் நுழையும் இடத்தில் இருந்தோம். பேரிங் பொருத்திய வேலைக்காரனே அங்கே கைவைத்து, உரசிச் சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் நீர் புறங்கையை வைத்தீர். எடுக்கவேயில்லை. சுடுகிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஓசை காதை அடைத்தது. நீர் என் கையைப் பிடித்து உம்முடைய கைக்குப் பக்கத்தில் வைத்தீர். குழாய் குளிர்ந்திருந்தது.

போர்மன் இறங்கி வந்து தானும் தொட்டுப் பார்த்தார். "அடுத்த வருசம் அதுகளைத் தண்ணிக்குள்ளயே வைச்சுக் கும்பிடு" என்று ஆங்கிலத்தில் உறுமிவிட்டு ஏணியில் ஏறிப் போனார்.

உம்முடைய முகம் விழுந்துவிட்டது. "இன்னும் கோவமாத்தான் இருக்காரு" என்றீர்.

நான் உம்முடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஐசே, அடுத்த வருசம் எண்டெல்லோ சொல்லுறார்!"

விளங்க உமக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதீர். நானும்தான் அழுதேன், ஏன் மறைப்பான்? அடுத்த பூசைக்கு உம்முடைய மகள் வந்து, தொட்டித் தண்ணீரில் பூப்போட்டாள். நம்மோடு வேலை செய்த வெள்ளைக்காரர்களும் சுண்டல் சாப்பிட்டார்கள்.

இப்போது நீர் இல்லை. எனக்கும் வயது போய்விட்டது, நெஞ்சில் ஒரு பிரச்சினை. நேற்று டாக்டரிடம் போயிருந்தேன், எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். நெஞ்சு எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். நான் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் மறந்து இருந்தேன். "ஓகே அங்கிள், நெக்ஸ்ட் இயர் பார்ப்பம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து வெயிலில் நின்றேன். யாராவது என் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒருவரும் இல்லை. அதனால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், உம்முடைய தூத்துக்குடிப் பேச்சிலேயே: "அண்ணாச்சி, அடுத்த வருசம்னு சொல்லுதாங்க."