பாங்கொக்கில் நான் கட்டிய கல்லறை

3 ஒக்ரோபர் 2025, வெள்ளி

அறைக்கு ஆள் வந்துவிட்டாள். தாய்லாந்துப் பெண். முழுப் பெயர் நீளம், எழுத வராது. கூப்பிடுகிற பெயர் முக். முத்து என்று அர்த்தமாம். "எனக்குத் தெரியுமே" என்றேன். தெரியாது.

இங்கே பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாத ஆராய்ச்சி. வெளிநாட்டுக்கு வந்த தாய்லாந்துக்காரர் தங்கள் பழக்கவழக்கங்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறாள். இத்தாலியனைக் கட்டி வந்த பெண்கள், மசாஜ் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். பிள்ளை, நீ சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாய் என்றேன். நான் பாங்கொக்கில் இரண்டு வருஷம் இருந்தவன், எனக்கு அங்கே சொந்தச் சாப்பாட்டுக் கடை, பன்னிரண்டு மேசை. உண்மையில் இருந்தது ஒன்பது மாதம். கடை இல்லை. ஏஜென்சிக்காரன் பிடித்த அறையில் பதினொரு பேரோடு ஐரோப்பாவுக்குக் காத்துக் கிடந்தேன். ஆனாலும் பன்னிரண்டு மேசை என்று சொல்லும்போது அவற்றின் விரிப்புக்கூட எனக்குக் கண்ணில் தெரிகிறது. என்ன செய்ய?

நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட கிழட்டு இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, இறந்து மூன்று மாதம். பதினாறு வருஷம் அவரைத் தூக்கி இருத்தி, தூக்கிப் படுக்கவைத்தேன். அழுகை வரவில்லை. வேறு வேலையும் வரவில்லை. அல்பெர்கேரியாப் பகுதியில் இந்த வீட்டின் இரண்டாம் அறை சும்மா கிடந்தது. கொடுத்தேன்.

7 ஒக்ரோபர்

முக்கைப் பலரோ சந்தைக்குக் கூட்டிப்போனேன். பச்சைப் பப்பாளி தேடினாள். பங்களாதேஷ் கடையில் ஒன்றே ஒன்று, அதுவும் சுருங்கிப்போனது. கடைசியில் இந்த ஊர் நீளச் சுரைக்காயை வாங்கி, சீவி, மிளகாய், தேசிக்காயோடு என் கல்லுரலில் இடித்தாள். "பாங்கொக்கில் இதைவிட உறைப்பாய்த் தின்றவன் நான்" என்று அள்ளிப் போட்டேன். கண், மூக்கு எல்லாம் ஓடியது.

"லுங், அழுறீங்களோ?"

லுங் என்றால் பெரியப்பா. வயதான ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் பேசுவது பாதி இத்தாலியன், பாதி இங்கிலிஷ். கொப்பிக்குள் தமிழில் போட்டுக்கொள்கிறேன்.

10 ஒக்ரோபர்

பல்கனியில் ஒரு சிவப்புச் சோடாப் போத்தல், ஸ்ட்ரோ போட்டு வைத்திருந்தது. எனக்கு வைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை என்று குடித்துவிட்டேன்.

"லுங்! அது வீட்டைக் காக்கிற ஆவிக்கு வச்சது!"

"தெரியும். அது தனக்குச் சீனி வருத்தம், நீயே குடி எண்டது."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனில் எழுதிக்கொண்டாள். அவளின் ஆராய்ச்சிக்குள் நான் வரப்போகிறேன்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து அக்கா விமலராணி வீட்டில் சாப்பாடு. முக்கையும் கூட்டிப்போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அக்கா ஒரு கறியை வைத்துவிட்டு அவளிடம் நேரே கேட்டார்: "பிள்ளை, என்ரை கடைசித் தம்பி றெஜி உங்கடை பாங்கொக்கிலைதான் படுத்திருக்கிறான். காய்ச்சல்லை போனவன். தொண்ணூற்றியாறிலை. இவன் அகஸ்ரின்தான் கிட்ட இருந்து அடக்கினவன். பாதிரியார் வந்து, ரெண்டு சிஸ்ரர்மார் பாட்டுப் பாடி, வெள்ளை மாபிளிலை கல்லறை. சொல்லனடா அவளுக்கு."

சொன்னேன். கல்லறை வாசலில் ஒரு மாமரம் நிற்கிறது என்றும் சொன்னேன். அது இன்றைக்குத்தான் முளைத்தது.

"மாமரமோ? இருவத்தொம்பது வருசத்திலை நீ ஒருநாளும் மாமரம் சொல்லேல்லை."

"மறந்துபோனன் அக்கா."

அப்போதுதான் மருமகள் அனிற்றா போனை எடுத்துக் காட்டினாள். ரிக்கெற் போட்டாயிற்று. ஜனவரி ஒன்பது. தாயும் மகளும் மன்னாருக்குப் போகிற வழியில் பாங்கொக்கில் மூன்று நாள் இறங்கிக் கல்லறைக்குப் போகப்போகிறார்கள். "எந்தக் கோயில் மாமா? பேரைச் சொல்லுங்கோ, போன் மாப்பிலை போடுறன்."

"பேர் மாத்திப்போட்டாங்கள்."

"நான் தேடித் தாறன் அன்ரி" என்றாள் முக். அக்கா அவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் மூன்றாம் முறை சோறு போட்டுத் தின்றேன்.

20 ஒக்ரோபர்

கல்லறை இல்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

றெஜிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. எட்டு நாள் காய்ச்சல். ஒருவரிடமும் விசா இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மிச்சப் பதினொரு பேரும் பிடிபடுவோம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். நாங்களும் அதைக் கேட்டோம். என் மடியில் தலை வைத்தபடி போனான். பட்டப்பகல். சேட்டுப் பையில் இருந்த விலாசத் துண்டை எடுத்துவிட்டு, குடிவெறிகாரனைப் பிடிப்பதுபோல இரண்டு பேர் நடுவில் பிடித்து டக்சியில் ஏற்றி, ஒரு புத்த கோயில் மண்டபத்து வாங்கில் இருத்திவிட்டு வந்தோம். பதினாறாம் நாள் எனக்குப் பிளேன்.

அம்மாவுக்குப் போனில் என்ன சொல்வது? பாதிரியார் வந்தார் என்றேன். பிறகு அக்கா கேட்கக் கேட்க சிஸ்ரர்மாரும் வந்தார்கள், மாபிளும் வந்தது.

எழுதி முடித்துவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. பல்லுக் குத்தினேன்.

2 நவம்பர், ஞாயிறு

இறந்தவர்களின் நாள். ஊர் முழுவதும் கல்லறை பார்க்கச் சேமக்காலைக்குப் போகிறது. பிள்ளைகளுக்கு இறந்தவர்கள் கொண்டு வந்து தந்ததென்று சீனிப் பொம்மை. முக் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று படம் எடுத்தாள். இந்த வழக்கத்தை இங்கே தொடக்கியதே எங்கள் மன்னார்ப் பாதிரியார் ஒருவர் என்று சொல்லிவிட்டேன். நம்பினாளோ தெரியாது.

அக்கா மத்தியானம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். இங்கே கல்லறைகளில் பதிப்பார்களே, முட்டை வடிவத்தில் பீங்கானில் சுட்ட படம், அது. றெஜி. பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் செய்வித்திருக்கிறார். சீமெந்து பிடிக்குமோ, பசை நல்லதோ என்று என்னைக் கேட்டார்.

"மாபிளுக்குப் பசைதான் நல்லது அக்கா" என்றேன். எந்தப் பசை என்றும் சொன்னேன். கடையையும் சொன்னேன்.

5 நவம்பர்

இன்று முக்கின் ஊரில் தண்ணீரில் விளக்கு விடுகிற நாளாம். பாணைத் தோணிபோல வெட்டி, பூவும் திரியும் வைத்து, துறைமுகப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். நேப்பிள்ஸ் கப்பல் கிளப்பிய அலையில் கவிழ்ந்தது. பரவாயில்லை, மீனுக்குச் சாப்பாடு என்றாள். திரும்பி வரும்போது வழி முழுக்கப் போனில் எதையோ தேடிக்கொண்டு வந்தாள். வீட்டு ஞாபகமாக்கும்.

9 நவம்பர்

ஞாயிறு காலை. முக் மேசையில் கம்பியூட்டரை வைத்துவிட்டு என் முன்னால் இருந்தாள்.

"லுங், பாங்கொக்கிலை உள்ள கத்தோலிக்கச் சேமக்காலை எல்லாத்துக்கும் எழுதிக் கேட்டன். அந்தப் பேரிலை ஆரும் இல்லை."

ரெயில் பாதை போட்டு ஒரு பக்கத்தை இடித்தார்கள் என்றேன். எலும்பையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றினார்கள், பெரிய ஊர்வலம், ராசகுடும்பத்தில் ஒருவர்கூட வந்தார் என்றேன். அவள் இடையில் வெட்டவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"லுங், எனக்கு எவ்வளவு புளுகினாலும் சிரிப்பன். அன்ரிக்கு நான் புளுகமாட்டன். என்ரை ஊரிலை கொண்டுபோய் அவவை வெயிலுக்கை அலைய விடமாட்டன்."

சொல்லிவிட்டேன். 20ஆம் திகதி எழுதியதை அப்படியே. ஒன்பது நிமிடம். அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வற்றிவிட்டது.

அவள் திட்டவில்லை. அப்படி விடப்பட்டவர்களை என்ன செய்வார்கள் என்று சொன்னாள். தரும சங்கத்து ஆட்கள் வந்து தூக்கிப்போவார்கள். நம்பர் போட்டுப் புதைப்பார்கள். பல வருஷம் கழித்து இடம் நிறைந்ததும் எல்லாரையும் கிண்டி எடுப்பார்கள். ஊர்ச்சனம் போட்டி போட்டு வரும். எலும்பை ஒவ்வொன்றாய்ப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மண்டையோட்டில் தங்கத்தாள் ஒட்டி, ஒன்றாய் அடுக்கி எரிப்பார்கள். பதினாறு வயதில் சின்னம்மாவோடு போய் அவளும் கழுவியிருக்கிறாள்.

"ஆரின்ரை எலும்பெண்டு தெரியாமலோ?"

"தெரியாதபடியால்தான். உறவில்லாத ஆள் எண்டால் ஆரும் உறவாகலாம். அது பெரிய புண்ணியம். நான் ஒரு கையைக் கழுவினன், லுங். சின்னச் சின்ன எலும்பு. ஒண்டும் துலைஞ்சுபோகாமல் ஒரு சட்டிக்கை போடவேணும்."

வானிலை அறிக்கை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தேன்.

23 நவம்பர்

இன்று சொல்வதாக இருந்தது. அக்காவுக்குத் தலையிடி. விட்டுவிட்டேன்.

30 நவம்பர்

அக்காவுக்குத் தலையிடி இல்லை. எனக்கு.

13 டிசம்பர், சனி

சாந்த லூசியா நாள். பலேர்மோவில் இன்று ஒருவரும் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள், சோறுதான். இந்த ஊர் ஒரு நாளைக்காவது எங்கள் வழிக்கு வருகிறதே என்று அக்கா வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பார். இன்றும் சொன்னார். சிரித்து முடிய நான் சொன்னேன்.

"அக்கா, பாங்கொக்கிலை கல்லறை இல்லை."

அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தட்டத்தை வைக்கவில்லை. நான் தொடர்ந்து சொன்னேன். அறை, காய்ச்சல், டக்சி, வாங்கு. என் மடியில்தான் போனவன் என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

"பாதிரியார்?"

"இல்லை."

"சிஸ்ரர்மார்?"

"இல்லை அக்கா."

"அம்மா சாகேக்கை அந்தச் சிஸ்ரர்மாருக்கும் சேத்துச் செபம் சொன்னவ."

பிறகு ஒரு கல்லை எடுத்து ஓரமாய் வைத்தார். அனிற்றாதான் கத்தினாள். "மாமா, உங்களுக்கு வெக்கமா இல்லையோ? வேர்கோஞ்ஞா! இவ்வளவு காலமும் எங்களைப் பேயராக்கி..." மிச்சம் இத்தாலியனில் வந்தது. அவளுக்குக் கோபம் அந்தப் பாஷையில்தான் ஒழுங்காய் வரும்.

அக்கா கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டிட்டுப் போறியோ?"

ஓம் என்றேன். சாப்பிட்டேன். என்ன கறி என்று ஞாபகம் இல்லை.

20 டிசம்பர்

அக்கா போன் எடுக்கவில்லை.

25 டிசம்பர்

நத்தார். பூசையில் அக்கா நாலு வாங்கு முன்னால். திரும்பவில்லை.

மத்தியானம் அனிற்றா பலகாரத் தட்டு கொண்டு வந்தாள், உள்ளே வரவில்லை. "அம்மா தந்துவிடச் சொல்லேல்லை. நானாத்தான் கொண்டுவந்தனான்" என்றாள். பிறகு படியில் நின்று, "அம்மா அந்தப் படத்தைத் துவாயிலை சுத்திச் சூட்கேசுக்குள்ளை வச்சிட்டா, மாமா. எங்கை ஒட்டப்போறா எண்டு கேக்கப் பயமாக் கிடக்கு."

போகிறார்கள், அப்படியென்றால்.

28 டிசம்பர்

முக் தன் சின்னம்மாவுக்கு எழுதிவிட்டாள். அவர் விமான நிலையத்துக்கே வருவாராம். சங்கத்தின் இடம் நகரத்துக்கு வெளியே, இரண்டு மணித்தியால ஓட்டம். தொண்ணூற்றியாறில் புதைத்தவர்களையெல்லாம் எப்போதோ எரித்தாயிற்று, சாம்பலுக்குப் பொதுவாய் ஒரே மேடு. இதையெல்லாம் அவள் அக்கா வீட்டுக்குப் போய் நேரே இருந்து சொன்னாளாம். நானும் வரட்டோ என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

"அன்ரி வேண்டாம் எண்டவ, லுங்."

பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், எப்படியும் என்னால் போக முடியாது என்று முக்கிடம் சொன்னேன். அது கைக்கு வந்து இரண்டு வாரம்.

9 ஜனவரி 2026, வெள்ளி

விமான நிலைய பஸ் பொலிதேயாமா நாடக அரங்கடியில் நிற்கும். எதிர்ப்பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றேன். அக்கா கறுப்புக் கோட்டு, புதுச் சப்பாத்து. பஸ்ஸில் ஏறி இருந்தபிறகு யன்னலால் என்னைக் கண்டார். கையைக் காட்டவில்லை. பார்வையை எடுக்கவும் இல்லை. பஸ் போய்விட்டது.

11 ஜனவரி, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போன். அங்கே மத்தியானம் இரண்டு. அக்கா.

"வந்திட்டம். பெரிய மேடு. சுத்திப் புல்லு. ஆக்கள் பூ வச்சுக் கும்பிடுகினம். அந்தப் பிள்ளையின்ரை சின்னம்மா எனக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, கால் நோகுமெண்டு கதிரையும் கொண்டுவந்தவ." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "படத்தை வைக்கேல்லை. இவன் இதுக்கைதான் கிடக்கிறான் எண்டு ஆருக்குத் தெரியும். திருப்பிக் கொண்டுவாறன்."

"ஓம் அக்கா."

"உன்ரை மடியிலை போனவன் எண்டாய். கடைசியா என்ன சொன்னவன்?"

சொல்வதற்கு ஆயத்தமாய் இருந்தது. அக்கா என்றான். உன் பெயரைத்தான் சொன்னான். சிலுவை அடையாளம் போட்டான். மூன்றும் ஒரே நேரத்தில் வாய்க்குள் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் அக்கா அழுதிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

"நான் பக்கத்திலை இல்லை அக்கா."

"என்ன?"

"கீழை கடையிலை ரீவி. குத்துச்சண்டை போட்டவங்கள். அறைக்குள்ளை நாத்தம், இருக்கேலாமல் இறங்கினனான். ஏறி வர விறைச்சுப்போனான்."

இந்தக் கொப்பியிலும் மடி என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அங்கே யாரோ தாய்லாந்துப் பாஷையில் ஏதோ கேட்டார்கள்.

"எவ்வளவு நேரம் கீழை நிண்டனி?"

"மூண்டு மணித்தியாலம் வரும்."

"தனியவோ கிடந்தவன்?"

"மற்றாக்கள் இருந்தவை. ஆரும் கிட்டப் போகேல்லை."

அக்கா கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது, சும்மா கதைக்கிற குரல்:

"நாளைக்கும் இந்த நேரம் எடுப்பன். மிச்சத்தையும் சொல்லு. டக்சி, கோயில், எல்லாம். கூட்டாமல் சொல்லு."

ஓம் என்றேன்.

பகல் முழுவதும் இருந்து யோசித்துப் பார்த்தேன். மிச்சம் அதிகம் இல்லை. ஒரு மாடிப்படி, ஒரு டக்சி, மூன்று பேர். சொல்லி முடிக்க நாலு நிமிடம்கூடப் பிடிக்காது.