ஊசி அடித்து மூடிய ஏழாம் அத்தியாயம்

நாவலின் ஏழாம் அத்தியாயத்தை வாசகர் வட்டத்தார் ஸ்டேப்ளர் ஊசி அடித்து மூடி அனுப்பியிருந்தார்கள். கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கும்போது உன் நினைவு வந்தது. கான்வென்ட் வாசிப்பு வகுப்பில் நான் ஒரு வரி தாண்டினால், மதர் கண்டுபிடிக்கும் முன்பே என் விலாவில் இடிப்பவள் நீ.

அது ஒரு பாலஸ்தீன நாவல். படையினர் ஒரு கிராமத்தாரை விரட்டிவிடுகிறார்கள். விட்டுவந்த பருப்பு மூட்டையை எடுக்க ஓர் இளம்பெண் திரும்பிப் போகிறாள். அவளை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் ஏழாம் அத்தியாயம். எட்டாவதில் அந்தக் கிராமத்தின் மேல் பைன் மரங்கள் நிற்கின்றன. வரைபடத்திலும் ஊரின் பெயர் இல்லை.

கல்முனை வாசகர் வட்டத் தலைவர், துணிக்கடை ஹாஜியார், இதை மண்டபத்தில் வாசிக்க என்னை அழைத்திருந்தார். மேடையில் 'மறக்கப்பட்ட வரலாறு' என்று பதாகை. மறந்தவர்களின் பெயரை எழுத அதில் இடம் போதவில்லை போலும்.

"டீச்சர், ஏழாம் அத்தியாயத்த உட்டுட்டு வாசிங்க. பொம்புளப் புள்ளையள் இரிக்காங்க."

"பொம்புளப் புள்ளைக்கு நடந்தத பொம்புளையள் கேக்கக் கூடாதா, ஹாஜியார்?"

"சங்கடமா இரிக்கும். எல்லாரும் கொஞ்சம் அழுதுட்டு, நல்ல மனசோட போகணும்."

"அழுதுட்டுப் புரியாணி தின்னவா?"

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

இந்தச் சங்கடத்தை எனக்கு நெடுநாளாகத் தெரியும். யுத்த காலத்தில் சீருடைக்காரர்கள் உன் தங்கையைக் கொண்டுபோய், பிறகு வயலில் போட்டுவிட்டுப் போனபோது, காய்ச்சலில் செத்தாள் என்று உன் சொந்தக்காரர்கள் ஊருக்குச் சொன்னார்கள். காய்ச்சலாம்! செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும், நீ வாய் திறந்ததும் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்கள். எல்லாரும் படித்தவர்கள், பக்திமான்கள். அவர்களுக்குக் காது மட்டும் மென்மையாக இருந்தது.

நான் வந்தபோது நீ அழவில்லை. "நீயும் பாதியில எழும்புறதெண்டா இப்பவே போ புள்ள" என்றாய். நான் இருந்தேன். பொழுதுபட்டு மக்ரிப் பாங்கு சொல்லியும் இருந்தேன். நடந்ததை முழுக்கச் சொல்லி முடித்த பிறகு கேட்டாய்: "எனக்குப் பொறகு நீ கதைக்கணும். ஒண்டையும் உடாமக் கதைக்கணும்."

இப்போது நீயும் இல்லை. ஆகவே மண்டபத்தில் ஏழாம் அத்தியாயத்தை வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் மைக்கை நிறுத்திவிட்டார்கள். வெறும் தொண்டையால் பள்ளிக்கூடம் நடத்தியவளுக்கு மைக் எதற்கு? ஆண்கள் பக்கத்தில் கதிரைகள் இழுபட்டன. ஹாஜியார் புரியாணிப் பொதிகளைப் பார்க்கப் போனார். பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் முதலில் போனார்கள். நடுவே கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் பாதிப் பெண்களும் போய்விட்டார்கள்.

கடைசி வரியை வாசித்து முடித்தபோது, மடியில் குழந்தையோடு இருந்த ஒருத்தி கேட்டாள்: "அந்தப் புள்ளைட உம்மாக்கு ஆராச்சும் சொன்னாங்களா, டீச்சர்?"

நாவலில் அது இல்லை. அந்த மண்டபத்தில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான்.

உன் தங்கையைப் பற்றி நான் அங்கே வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அவளைக் கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணிடம் மட்டும், "இப்படி இன்னொண்டு எனக்குத் தெரியும் மகள், அது நாவல் இல்ல" என்றேன்.

நாளை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருகிறாள். தேத்தண்ணீரை முதலிலேயே கொடுத்துவிடுவேன். பிறகு உன் தங்கையின் பெயரிலிருந்து தொடங்குவேன்.