சிவதாணு கொண்டு வரும்

சாலை, திருவனந்தபுரம்
22-8-54

என் மகன் சிவதாணுவுக்கு அம்மை எழுதுவது. பம்பாய் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை கை அதை எழுத மாட்டேன் என்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே. அப்பா கொடுத்த தந்தியில் புறப்பட வேண்டாம் என்று மட்டும் இருந்ததைப் பார்த்து நீ எவ்வளவு தவித்திருப்பாய் என்று தெரியும். தந்தியில் அதற்கு மேல் எழுதக்கூடிய சங்கதி இல்லை மக்களே. அப்பாவும் எழுதுகிற நிலையில் இல்லை. நான்தான் எழுத வேண்டும், அதிலும் ஒரு காரியம் நான் மட்டும்தான் எழுத முடியும்.

தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பதினொன்றாம் தேதி, தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததை நீ பேப்பரில் படித்திருப்பாய். மறுநாளே இங்கே சாலைக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் அடைத்துவிட்டன. தமிழில் சத்தமாகப் பேசவே ஆட்கள் பயந்தார்கள். அப்பா அதற்கு முன்னாலேயே கொல்லத்துக்குச் சரக்குப் பார்க்கப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, ஆடிக் கடைசி வெள்ளி, பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன், பத்து மணி இருக்கும், ஆறு போலீஸ்காரர்கள் செருப்புக்காலோடு வீட்டுக்குள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் தேடி வந்தது சிவதாணு என்ற ஆளை. தக்கலைப் பக்கம் யாரோ ஒருவனைப் பிடித்தபோது அவன் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததாம், அதில் 'சாலைக்கு நோட்டீஸ் கட்டு, சிவதாணு கொண்டு வரும்' என்று தமிழில் எழுதியிருந்ததாம். நம் கடைப் பலகையில் சிவதாணு ஸ்டோர் என்று தாத்தா பேர் இருக்கிறதே, அதைப் பார்த்துப் பூட்டை உடைத்து, உள்ளே விற்பனைக்கு இருந்த அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் ஆயுதம் என்று ஜீப்பில் வாரிப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து நேரே இங்கே வந்திருக்கிறார்கள்.

அவர்களில் பெரியவன், மீசைக்காரன், சுவரில் மாட்டியிருக்கும் உன் போட்டோவைப் பார்த்தான். நீ பட்ட அங்கி போட்டு நிற்கிற போட்டோ, கீழே உன் பேர் எழுதியிருக்கிறதே, அதுதான். அதை லத்தியால் தட்டிக் காட்டி, "சிவதாணு, இயாளாணோ?" என்று கேட்டான். கண்ணாடி அப்போதே விரிசல் விட்டுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது மக்களே. நீ பம்பாயில் இருக்கிறாய், ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறாய் என்பதெல்லாம் அந்த நேரத்தில் புத்தியில் நிற்கவில்லை. நீ சித்தப்பா மகன் சின்னவனுக்கு எழுதுகிற கடிதங்கள்தான் ஞாபகம் வந்தன. நம் தாலூகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும்வரை உறங்கக் கூடாது, அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும் என்று நீ எழுதியதை அவன் என்னிடம் வாசித்துக் காட்டியிருக்கிறான். இவர்கள் உன்னைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அப்போது என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "இது என் மகன், இவன் இங்க இல்ல, பம்பாயில இருக்கான். நீங்க தேடுத சிவதாணு பின்வீட்டில உண்டு" என்று சொன்னேன்.

பின்வீட்டில் அதே பேரில் இன்னொருவன் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும். தாத்தா பேரை உனக்கு வைத்த நாலாம் வருஷம், போய்ச் சேர்ந்த உன் சித்தப்பாவும் தன் பிள்ளைக்கு அதையே வைத்தபோது, ஒரே வளவில் இரண்டு பேரை எப்படிக் கூப்பிடுவது என்று சண்டை போட்டவள் நான். நீ பெரியவன், அவன் சின்னவன் என்று தாத்தாதான் தீர்த்து வைத்தார். இருபத்திரண்டு வருஷமாக அவனை நான் சின்னவன் என்று தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் தடவையாக அவனைச் சிவதாணு என்று சொன்னது போலீஸ்காரனிடம்.

அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்து முற்றத்தில் போட்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தவனை இரண்டு முழங்காலிலும் அடித்தார்கள், விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. முத்தாரம்மாள் ஓடி வந்து பிள்ளை மேல் விழுந்தாள். உன் சித்தி எவ்வளவு சாது, உனக்குத் தெரியும். அவள் மணிக்கட்டில் லத்தி விழுந்தது, இன்றைக்கும் அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. "எதுக்கு அடிக்கிய? எம்பிள்ளை என்ன செஞ்சான்? சொல்லிட்டு அடியுங்கோ" என்று கத்தினாள். ஒருவனும் சொல்லவில்லை. அவனை வாசல்வழியாக இழுத்துக்கொண்டு போனபோது அவன் குதிகால் தரையில் உரசி, நடை முழுக்க ரத்தக் கோடு. எதிர்வீட்டு மாதவன் நாயர் ஸார் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தவர் தெருவில் குறுக்கே நின்று, எந்தக் கேஸ், வாரண்டு எங்கே என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். வக்கீல் என்றும் பார்க்காமல் அவரை மார்பில் தள்ளி ஓடையில் விழவைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் கேள். முத்தாரம்மாள் முற்றத்தில் நெஞ்சில் அறைந்துகொண்டு கிடக்கிறாள். நான் அவளைத் தூக்கப் போகவில்லை. நேரே பின்வீட்டுக்குள் போய், சின்னவன் தகரப்பெட்டியைத் திறந்து, உன் கடிதங்களை எடுத்து அடுப்பில் போட்டேன். எல்லாம் கரியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகுதான் அவளிடம் போனேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நீங்கதான் எம்பிள்ளையைக் காப்பாத்தித் தரணும்" என்று அழுதாள். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்துவிட்டார். சாப்பிடக்கூட உட்காராமல் மாதவன் நாயர் ஸாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். உள்ளே அடிக்கிற சத்தம் வராந்தாவரை கேட்டதாம், சின்னவன் குரல் மட்டும் கேட்கவில்லையாம். இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டுக் காகிதத்தை மேஜையில் போட்டு, "சிவதாணு கொண்டு வரும். எழுதியிட்டுண்டல்லோ, பின்னே எந்தா?" என்றாராம். மாதவன் நாயர் ஸாரும் அதை வாசித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பாதான் இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, "ஏமானே, இது ஆளைப் பத்தி எழுதினது இல்ல. மலையாளத்தில ஆளுக்கும் வண்டிக்கும் வரும்னுதான் சொல்லுவிய. தமிழ்ல ஆளுன்னா வருவான், இல்லேன்னா வருவார். வரும்னு எழுதினா அது மாடு, இல்லாட்டா வண்டி" என்று சொல்லியிருக்கிறார். எந்த வண்டி என்று அவர்கள் கேட்டார்கள். பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்ற ஆவேசத்தில் அப்பா, நாகர்கோவிலிலிருந்து வருகிற ஒரு லாரிக்கு நெற்றியில் சிவதாணு என்று பேர் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அதை ஓட்டுகிறவன் யார் என்று அவருக்கு உறைத்ததாம். நம் பகவதிப்பெருமாள்தான். ஏழு வருஷமாக நமக்குச் சரக்கு இறக்கிவிட்டு, நம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். நீ பம்பாய்க்கு முதல்முதலில் புறப்பட்டபோது உன் டிரங்குப் பெட்டியை ஸ்டேஷன்வரை தோளில் சுமந்துகொண்டு வந்தானே, அவன்.

லாரி கிடைத்தால்தான் பையனை விடுவோம் என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு வண்டியை வழியிலேயே நிறுத்த ஆள் அனுப்ப வேண்டும் என்று மனசு. அனுப்பினால் சின்னவன் உள்ளேயே கிடப்பான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடைவாசலில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, கடைசியில் அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழவங்காடியில் லாரியை மறித்தார்கள். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கிற கூட்டம், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், இத்தனை பேரும் நிற்க, வாழைக்குலைகளை ஒவ்வொன்றாக ரோட்டில் வீசி, அடியிலிருந்து நோட்டீஸ் கட்டை எடுத்தார்கள். நாகர்கோவிலில் ஏற்றும்போது யாரோ வைத்துவிட்டார்கள், எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது ஏமானே என்று பகவதிப்பெருமாள் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையிலேயே அடித்தார்கள். கீழே விழுந்ததும் ஒருவன் அவன் வலது கையைப் பூட்ஸ் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் துப்பாக்கிக் கட்டையால் விரல்களை நசுக்கினான். லாரிக் கண்ணாடியை உடைத்தார்கள், நெற்றியில் எழுதியிருந்த பேரைக் கம்பியால் சுரண்டினார்கள். அப்பா கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சின்னவனை விட்டார்கள். மாதவன் நாயர் ஸாரும் அப்பாவும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. உள்ளங்கால் இரண்டும் கறுத்துப்போய், தொட்டாலே துடித்தான். அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே வந்து மாதவன் நாயர் ஸார் என்னிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவனிடம் திரும்பத் திரும்ப, வீட்டில் வேறே சிவதாணு உண்டோ, உன் அண்ணன் ஒருத்தன் பம்பாயில் உண்டாமே, அவன் அங்கிருந்து என்ன எழுதுகிறான் என்று கேட்டாராம். போட்டோவைப் பார்த்தார்களே, நானும் பம்பாய் என்று சொன்னேனே, அதை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இவன், "தாத்தா இருந்தாரு. செத்துட்டாரு" என்று மட்டும் சொன்னானாம். அதற்குத்தான் உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, ஒவ்வொரு தடவையும் அதே பதில் என்று ஒரு கான்ஸ்டபிளே அவரிடம் சொல்லியிருக்கிறான்.

அதைக் கேட்ட பிறகு மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. நேரே போய் முத்தாரம்மாளிடம் நான் காட்டிக் கொடுத்ததைச் சொன்னேன். கடிதங்களை எரித்ததையும் சொன்னேன். அவள் சுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, வீங்காத கையால் என் கன்னத்தில் அறைந்தாள். இருபத்தாறு வருஷத்தில் என் முன்னால் அவள் உட்கார்ந்துகூடப் பேசினதில்லை. இன்னொரு தடவையும் அறைந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அடித்திருந்தால் இன்னும் வாங்கியிருப்பேன். உள்ளேயிருந்து சின்னவன், "அம்மா, பெரியம்மையை விடு. எனக்கு அப்பமே தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். அப்படியென்றால் பின்கதவு வழியாக ஓடியிருக்கலாமே என்று அவன் அம்மை கதறினாள். "நான் ஓடினா உன்னை அடிப்பானுவோ" என்றான். அவள் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவனுக்குக் காலில் ஒத்தடம் கொடுக்க நான் போனால் கதவைத் திறந்து விடுகிறாள், அது போதும்.

அப்பாவும் பகவதிப்பெருமாளிடம் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிவிட்டார், லாரியைக் காட்டியது நான்தான் என்று. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார், ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்தவன். கேஸ் வேறு போட்டிருக்கிறார்கள், மாதவன் நாயர் ஸார் வாதாடுகிறார். அப்பா தினமும் கஞ்சி கொண்டு போகிறார், தினமும் தூக்குப் பாத்திரம் திறக்காமலே திரும்பி வருகிறது. நேற்று மட்டும் பாதி குறைந்திருந்தது. அவன்தான் குடித்தானா, காவலுக்கு நின்றவன் குடித்தானா என்று அப்பாவுக்குக் கேட்கத் தைரியமில்லை.

நான் உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அம்மை செய்த காரியத்தை அம்மைதான் சுமக்க வேண்டும். ஆனால் நீ பம்பாயில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அடித்தால் திருப்பி அடி என்று எழுதினாயே, அதை வாசித்தவன் அடி வாங்கினான், உன் பேரைச் சொல்லாமல் வாங்கினான். தமிழ் ஜனங்கள் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். அதை இங்கே வந்து நின்று சொல். தந்தியை மறந்துவிடு. இப்போது சாலையில் போலீஸ் குறைந்துவிட்டது, கடையும் திறந்தாகிவிட்டது. லீவு கேட்டு ஓணத்துக்கு முன்னால் புறப்பட்டு வா. வந்ததும் முதலில் முன்வீட்டுக்கு வராதே, பின்வீட்டுக்குப் போ. சித்தி காலில் விழு. அவள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், என்னைப் போலப் பதில் பேசாமல் நில். மறுநாள் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போ.

ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மழைச்சாரல் வாங்காதே. மதராஸில் வண்டி மாறும்போது பெட்டியை யாரிடமும் நம்பிக் கொடுக்காதே. சுசீந்திரத்து சாமி உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும், உன் தம்பிக்கும் கொடுக்கட்டும், இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அவன் கட்டிலுக்கு இடது பக்கம் நின்று கூப்பிடாதே, அந்தக் காது இப்போது கேட்பதில்லை, நீ வந்ததே அவனுக்குத் தெரியாமல் போகும். வலது பக்கமாகப் போய், குனிந்து, பேரைச் சொல்லிக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மை
உலகம்மை