கனகத்தின் குடம்

ஆவணி, திங்கள்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி.

தண்ணீர் சோதிக்கும் பிள்ளை செங்கலடியில் இருந்து வந்தாள். எங்கள் வளவில் நீலப் பீப்பாய் ஒன்று வைத்தாள், தண்ணீர் வடிக்க. உள்ளே தேங்காய்ச் சிரட்டைக்கரி. சண்டை முடிகிற நேரம் பக்கத்து ஆமி முகாமில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது, அணைக்க அடித்த நுரை கிணற்று ஊற்றில் இறங்கிவிட்டதாம். புளோரின் சேர்ந்த நஞ்சு. மணமில்லை, நிறமில்லை, லேசில் அழியாது.

"காச்சினாலும் போகாது அம்மா. தண்ணி வத்த வத்த நஞ்சு கூடும். கரிதான் பிடிக்கும்."

பக்கத்து வீடுகளுக்கும் நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். நல்ல ஆளைப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கனகம் அந்நேரம் வயலில். பிள்ளை சொன்னது ஒன்றும் அவள் காதில் விழவில்லை.

செவ்வாய்

அரிசி. மண்ணெண்ணெய். பேத்திக்கு ரிபன்.

கனகம் குடத்தோடு வந்தாள். செத்துப்போன என் தம்பியின் பெண்சாதி. கடல் ஊருக்குள் வந்த அன்று கல்லடியில், என் மனிசன் உப்புத்தண்ணி குடித்து வயிறு ஊதிக் கிடந்தார். ஒரு வாய் நல்ல தண்ணீர் கேட்டார். இவள் மடியில் போத்தல். "என்ட பிள்ளைக்கு வேணும் மச்சாள்" என்றாள். விடியமுன் போய்விட்டார். போத்தலில் பாதி மிச்சம். பார்த்தேன்.

குடத்தை வாங்கிப் பின்பக்கம் போனேன். கிணற்றில் அள்ளி நிரப்பினேன்.

"கரியில வடிச்சா என்ன குளிர்ச்சிகா!"

"குடி, குடி."

வெள்ளி

தினமும் அவளுக்குக் கிணறுதான். இடுப்பு வலி. பரவாயில்லை.

திங்கள்

மழை இல்லை. மீன்காரன் வரவில்லை.

பேத்தி மீனு பள்ளி விட்டு வந்தாள். கோப்பையை நீட்டினேன், தள்ளிவிட்டாள்.

"கரி மணக்குது அம்மம்மா. நான் கனகம்மம்மா வீட்டதான் குடிக்கிற."

"எப்ப இருந்துடி?"

"எந்த நாளும்."

அடித்துவிட்டேன். சத்தம் கேட்டுக் கனகம் ஓடி வந்தாள். கையில் குடம்.

"பிள்ளைக்கு ஏன்கா அடிச்ச? நான் பச்சத்தண்ணியா குடுத்த? அண்டைக்கு அண்ணனுக்குக் குடுக்காம விட்டது இன்னும் நெஞ்சுக்குள்ள கிடக்கு மச்சாள். அதுக்காகத்தான் உன்ட பேத்திக்கெண்டு தனியா, பாதியா வத்தக் காச்சிக் குடுக்கன்."

குடத்தை நீட்டினாள். பீப்பாயில் பிடித்துக் கொடுத்தேன்.

அவள் வீட்டில் காய்ச்சியது இன்னும் ஒரு பானை இருக்கும். கொட்டச் சொன்னால், ஏன் என்று கேட்பாள்.