காயில் கம்பியின் மறுமுனையைப் பிடிப்பது தொடர்பாக

அனுப்புநர்:
கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்,
அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்,
மொட்டைமாடியில் ஆண்டெனா சாய்ந்திருக்கும் வீடு.

பெறுநர்:
வானொலி உரிமக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: எதிர்வீட்டுத் தையல்காரரான என் மைத்துனரின் வானொலி நிலையத்தைச் சோதனையிட்டு, அதிலுள்ள 'காயில்' எனும் கம்பிச் சுற்றைக் கைப்பற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் டிரான்ஸ்மிட்டரை ஆணி முதல் ஆண்டெனா வரை வீட்டிலேயே செய்தவன் நான். கடையில் வாங்கிய கருவியில் பேசுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை, மதிப்பதுமில்லை. என்னைப் பார்த்து என் மனைவியின் தம்பியும் உரிமம் வாங்கினார். அதுவரை எங்கள் குடும்பத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.

2. சென்ற வாரம், தூரக் கடலில் போகும் கப்பலொன்றின் சமையல்காரர் எங்கள் அழைப்புக்குப் பதிலளித்தார். அவரும் எங்களைப்போலப் பொழுதுபோக்குக்காகப் பேசுபவர். "தையல்காரரே, நீங்க பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. கூடவே யாரோ கிணத்துக்குள்ளேருந்து கூப்பிடறாங்களே, அது யாரு?" என்றார். அந்த யாரோ நான்தான். ஐயா, எனக்கு வயிறு எரிந்தது. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

3. மைத்துனர் அனுமதித்த அளவுக்கு மேல் மின்திறன் பயன்படுத்துகிறாரோ என்று சந்தேகித்து, நலம் விசாரிப்பதுபோல் மீட்டருடன் அவர் வீட்டுக்குப் போனேன். அளவு என்னுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. இதனால் என் புகார் வலுவிழந்துவிட்டதாகத் தாங்கள் கருத வேண்டாம். அங்கேதான், குரலைத் தூரம் கொண்டுசேர்க்கும் அந்தக் காயிலைப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாயின்மேல் செம்புக் கம்பி, சுற்றோடு சுற்று ஒட்டி, நடுவில் நகம்கூட நுழையாதபடி இருந்தது. என் காயிலில் சுற்றுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரத்தில் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். யார் சுற்றியது என்று கேட்டதற்கு, "நான்தான் மாமா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் எனக்குத் தைத்துக்கொடுத்த எந்தச் சட்டையிலும் இரண்டு கைகள் ஒரே நீளத்தில் இருந்ததில்லை.

4. அடுத்து, கம்பி. மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனாமல் பூசிய புதுக் கம்பி ஒரு சுருள் வந்திருந்தது. எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். போய்க் கேட்டால், "அக்கா வந்து வாங்கிட்டுப் போனாங்களே. உங்களுக்குத்தான்னு நினைச்சேன்" என்கிறார் கடைக்காரர். அவர் அக்கா என்றது என் மனைவியை. கம்பி நேரே எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது, எரிந்த மோட்டாரிலிருந்து உரித்த முறுக்குக் கம்பி.

5. காயில் சுற்றும் முறை தாங்கள் அறியாததல்ல. எனினும் என் குறை விளங்கும்பொருட்டுக் கூறுகிறேன். கூடத்தின் ஒரு கோடியில் ஒருவர் கம்பியின் முனையை இறுக்கிப் பிடித்திருக்க, மறுகோடியில் இருப்பவர் குழாயை உருட்டி உருட்டிக் கம்பியைச் சுற்றிக்கொண்டே அவரை நோக்கி நடந்து வருவார். கடைசிச் சுற்றில் இருவரும் முகத்துக்கு முகம் நிற்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு என் மனைவிதான் பிடித்தாள். அவள் விரலில் கம்பி பதிந்து சிவந்ததைப் பார்த்து, முனையை ஜன்னல் கம்பியில் கட்டும் வழியைக் கண்டுபிடித்தேன். "இனிமே நீ வேண்டாம், ஜன்னலே போதும்" என்று அன்பாகத்தான் சொன்னேன். ஜன்னலுக்குக் கை வலிக்காது. ஆனால் நான் இழுக்கும்போது இளகிக் கொடுக்கவும் அதற்குத் தெரியவில்லை.

6. நேற்று மாலை அதே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கூடத்தில் என் மனைவி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கம்பியின் முனையைப் பிடித்து நின்றிருந்தாள். அவள் தம்பி இரண்டாவது காயிலைச் சுற்றிக்கொண்டே நடந்து வந்தார். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதும் கம்பி துளி தளரவில்லை. கூடப்பிறந்தவர்கள் சிரிப்பதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதை அறிவேன். ஆனால் அது எனக்கு வந்த கம்பி. நிற்பது என் மனைவி. வீடு திரும்பியவளிடம் கேட்டேன். "அவன் கூப்பிட்டான், போனேன். நீங்க கூப்பிடலையே?" என்றாள். அவள் சொன்னதையும் அப்படியே இங்கே பதிவு செய்கிறேன்.

7. ஆகவே, மேற்படி காயிலைக் கைப்பற்றுமாறும், இயலாவிடில், ஓர் உரிமதாரரின் மனைவியை இன்னோர் உரிமதாரர் கம்பி பிடிக்க அழைக்கக் கூடாதென்று, அவர் உடன்பிறந்தவரே ஆயினும், உத்தரவிடுமாறும் பணிந்து வேண்டுகிறேன்.

பின்குறிப்பு: உறையில் இடுமுன் இம்மனுவை என் மனைவி படித்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து மீதிக் கம்பிச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்து, "ஞாயித்துக்கிழமை நான் பிடிக்கறேன். கத்தாம சுத்துவீங்களா?" என்றாள். அதே ஞாயிறன்று அவள் தம்பியும் மூன்றாவது காயில் சுற்றப்போவதாகக் கேள்வி. எனவே மனுவைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. தாங்கள் அன்று மாலை வரை மட்டும் இதைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன். தாங்கள் சோதனைக்கு வந்தால் ஆதாரமாகக் காட்டவென்று ஜன்னலில் கட்டியே வைத்திருந்த கம்பி முனையை இன்று காலை அவிழ்த்துவிட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: என் வீட்டுக் கூடம்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
கிணற்றுக்குள்ளிருந்து அழைத்தவர்